மதிப்பெண் யாரிடம் போய்ச் சேருகிறது?

மே மாதம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் மாவட்டந்தோறும் மீளாய்வுக் கூட்டம் நடக்கும். திருநெல்வேலியும் அதற்கு விலக்கல்ல. தலைமையாசிரியர்கள் பாடவாரித் தேர்ச்சி விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். நூறு விழுக்காடு காட்டிய பள்ளிக்குக் கைதட்டல் கிடைக்கும். போன ஆண்டைவிட இறங்கிய பள்ளியிடம் விளக்கம் கேட்பார்கள். மாநிலத்தில் மாவட்டம் எத்தனையாவது இடம் என்பது அதற்குள் நாளிதழில் வந்திருக்கும். கூட்டம் முடிந்து சேரன்மகாதேவிக்கோ களக்காட்டுக்கோ பேருந்து ஏறும் தலைமையாசிரியரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: வரும் ஜூனில் உங்கள் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு கற்பிக்கும் விதத்தில் எதை மாற்றப்போகிறீர்கள்? அவர் கையில் இருக்கும் தாளில் அதற்கு விடை இருக்காது. காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு வைப்போம் என்பதற்குமேல் அவரால் சொல்ல முடியாது. அது அவர் குற்றமும் இல்லை.

மாணவர்களைச் சோதித்துக் கிடைக்கும் தரவு பள்ளியை மேம்படுத்துமா என்பது பழைய கேள்வி. தாமிரபரணிக் கரைக்கு அதில் நூற்றைம்பது ஆண்டு அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தையும், இந்தியாவிலும் வெளியிலும் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரவு மேலே மட்டும் போனால் பள்ளி அதற்கேற்றபடி தன் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்கிறது. வகுப்பறைக்குத் திரும்பி வந்தால், அதோடு கற்பிக்க நேரமும் சேர்ந்து வந்தால், பிள்ளை படிக்கிறது.

1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு சர்ச் மிஷன் சங்கத்தாரும் எஸ்.பி.ஜி. சங்கத்தாரும் இந்த ஜில்லாவில் ஊர் ஊராகப் பள்ளி வைத்தார்கள். தேரிக்காட்டுச் சிற்றூர்களிலும் ஓலைக்கூரைப் பள்ளிகள் எழுந்தன. 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு தேர்வு முடிவைப் பார்த்துப் பணம் தரும் மானிய முறையைக் கொண்டுவந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்வார், சொல்வதெழுதச் சொல்வார், கணக்குக் கொடுப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதியின் இந்திய வடிவம் இது. மிஷன் பள்ளிகள் மிகுந்த திருநெல்வேலியில் பல வாத்தியார்களின் வருமானம் அந்த ஒருநாள் தேர்வை நம்பியிருந்தது.

அந்த முறையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் வெளியாள் ஒருவர் காதால் கேட்டார். இன்றைக்குக்கூட எல்லாப் பள்ளியிலும் நடக்காத காரியம் அது. ஆனால் பணம் தேர்ச்சியோடு கட்டப்பட்டதால் வாத்தியார் தேறக்கூடிய பிள்ளையைக் கவனித்தார், தேறாத பிள்ளையை விட்டார். பாடப் புத்தகத்தைப் பிள்ளைகள் முழுக்க மனப்பாடம் செய்தார்கள். 1882இன் ஹண்டர் குழு முன் இதன் நன்மை தீமைகள் விரிவாகப் பேசப்பட்டன. 1904இல் கர்சன் காலக் கல்வித் தீர்மானம் அதைக் கைவிடச் சொன்னது.

முறை போயிற்று, பழக்கம் போகவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு பள்ளியின் மானமாக ஆனபோது ஒன்பதாம் வகுப்பு வடிகட்டும் வகுப்பாக மாறியது. தேறமாட்டான் என்று தோன்றும் பையனுக்கு டி.சி. கொடுத்துத் தனித்தேர்வராக எழுதச் சொல்லும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் அறிவார்கள். பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திய பள்ளிகள் பெருகியதால்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. அது பிள்ளைகள்மேல் இன்னொரு சுமையானது. 2025-26 கல்வியாண்டு முதல் எடுத்துவிட்டார்கள். மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் நிறுத்தியது நல்ல முடிவு. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றதும் அப்படியே.

இதைச் சொல்லும்போது தேர்ச்சியை இளக்காரமாகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முக்கூடலில் பீடி சுற்றும் அம்மாவின் மகளுக்கு 35 மதிப்பெண் என்பது ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பிளஸ் ஒன் என்று எல்லாவற்றுக்கும் வாசல். மார்ச் மாதம் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி ஒரு மதிப்பெண் வினாக்களை உருப்போட வைக்கும் ஆசிரியர் அவளுக்கு உதவிதான் செய்கிறார். அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறை நான்கு ஆண்டு கழித்துத் தெரியவருகிறது. அதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

தரவைப் படிப்பதிலும் நமக்குப் பொறுமை போதவில்லை. திருநெல்வேலி மாவட்டத் தேர்ச்சி இத்தனை ஆண்டுகளில் ஏறியதா இறங்கியதா என்று வரைபடம் போடுபவர்கள் உண்டு. எந்தத் திருநெல்வேலி? 1986இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பர் 22இல் தென்காசி பிரிந்தது. சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம் எல்லாம் அதனோடு போயின. பிரிவுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் இணைத்தால் வெவ்வேறு ஊர்களை ஒப்பிட்டதாகும். இருக்கிற மாவட்டத்துக்குள்ளும் அப்படித்தான். கன்னடியன் கால்வாயும் கோடகன் கால்வாயும் பாயும் நெல் வயல் ஊர்கள், விக்கிரமசிங்கபுரம் போன்ற பழைய ஆலை ஊர், பாளையங்கோட்டையின் விடுதிப் பள்ளிகள், ராதாபுரம் பக்கத்து வானம்பார்த்த பூமி, ஆண்டின் நடுவில் சூளை வேலைக்கு வந்து நடுவிலேயே போய்விடும் வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே சராசரியில் கரைந்துபோகின்றன.

எண்ணிக்கை சிறிதாக இருந்தால் விழுக்காடு ஏமாற்றும். ஆற்றங்கரைக் கிராமங்களில் ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் தொடக்கப் பள்ளிகள் உண்டு. இங்கே அவற்றில் பல அரசு உதவிபெறும் பள்ளிகள். ஒரு பிள்ளை தேர்வன்று காய்ச்சலில் படுத்தால் அடைவு பன்னிரண்டரை விழுக்காடு இறங்கிவிடும். அந்தப் பள்ளியை இன்னொரு எட்டுப் பிள்ளைப் பள்ளியோடு ஒப்பிட்டுப் பின்தங்கியது என்று எழுதும் அறிக்கைக்கு எந்தப் பொருளும் இல்லை. அதே எட்டுப் பேரும் ஜூனில் எங்கே இருந்தார்கள், டிசம்பரில் எங்கே வந்தார்கள் என்று பார்த்தால் பொருள் உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறைத் தரவுத்தளத்தில் எமிஸ் எண் இருப்பதால் ஒரே பிள்ளையை மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை தொடர்ந்து பார்க்கும் வசதி நம்மிடம் இருக்கிறது. அதை நாம் பெரும்பாலும் சேர்க்கைக்கும் நலத்திட்டப் பட்டியலுக்கும்தான் பயன்படுத்துகிறோம்.

பொதுத்தேர்வு சொல்லாததை மற்ற சோதனைகள் சொன்னபோது நமக்குக் கோபம் வந்தது. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்ற பைசா என்ற பன்னாட்டுத் தேர்வின் முடிவு 2011 கடைசியில் வந்தது. எழுபத்து நான்கு நாடுகள், பகுதிகளில் இரண்டும் கடைசி மூன்று இடங்களுக்குள் நின்றன. இந்தியா அதன்பின் அந்தத் தேர்விலிருந்தே விலகிக்கொண்டது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லும் ஏசர் ஆய்வு, ஊரகத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் படிப்பவர்களில் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்கக் கூடியவர்கள் 2022இல் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே என்றது. 2024இல் பன்னிரண்டு பேர் அளவு. மாதிரி எடுத்த விதத்தைக் குறை சொல்லலாம், சொன்னார்கள். ஆனால் பிள்ளையின் வாசிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட யாருக்கும் அந்த எண் அதிர்ச்சி தராது.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். இந்தத் துறையில் நம்பிக்கையை அசைக்கும் முடிவுகள் இந்தியாவிலிருந்தே வந்திருக்கின்றன. ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 100 அரசுப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்களைச் சோதித்து, யார் எதில் பின்தங்கியிருக்கிறார் என்ற விரிவான அறிக்கையை ஆசிரியருக்குக் கொடுத்தார்கள். பார்வையாளர் வந்தபோது ஆசிரியர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகத் தெரிந்தார்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் அடைவில் வேறுபாடே இல்லை. நாம் 2012-13இல் முப்பருவத்தோடு கொண்டுவந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை ஹரியானாவில் ஏறத்தாழ 500 பள்ளிகளில் சோதித்துப் பார்த்தபோதும் அப்படித்தான்: கற்றலில் மாற்றமில்லை. வளரறி மதிப்பீடு அ, வளரறி மதிப்பீடு ஆ, தொகுத்தறி மதிப்பீடு என்று பதிவேட்டில் கட்டம் நிரப்பிய நம் ஊர் ஆசிரியர்களுக்கு இது வியப்பாக இராது. அதே ஹரியானா ஆய்வில் வேறொன்று பலித்தது. பிள்ளைகளை வகுப்புவாரியாக அல்லாமல் வாசிக்கும் நிலைவாரியாகப் பிரித்து, நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தை அதற்கென்றே ஒதுக்கியபோது இந்தி வாசிப்பு தெளிவாக முன்னேறியது.

மத்தியப் பிரதேசத்து அனுபவம் இன்னும் கூர்மையானது. அங்கே பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்தார்கள். திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டன. கற்பிக்கும் முறையிலும் ஆசிரியர் உழைப்பிலும் கற்றலிலும் எதுவும் நகரவில்லை என்று முரளிதரனும் அபிஜித் சிங்கும் கண்டார்கள். அதற்குள் அந்தத் திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு விரிந்துவிட்டது. அதே மாநிலத்தில் அரசு நடத்திய ஆண்டுத் தேர்வின் வினாக்களையே அதே மாணவர்களிடம் அபிஜித் சிங் மறுபடி கொடுத்துப் பார்த்தபோது, அரசு ஏட்டில் இருந்த அடைவு பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று தெரிந்தது. பிள்ளையின் மதிப்பெண் குறைந்தால் ஆசிரியருக்குத் திட்டு விழும் இடத்தில் மதிப்பெண் குறையவே குறையாது. அமெரிக்காவும் இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. எல்லா மாணவரும் 2014க்குள் தேற வேண்டும், இல்லையென்றால் பள்ளிமேல் நடவடிக்கை என்று 2002இல் சட்டம் போட்டார்கள். அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தி எழுதினார்கள். 2015இல் பதினொரு கல்வியாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தச் சட்டத்தையும் மாற்றிவிட்டார்கள்.

அப்படியானால் மதிப்பீடே வேண்டாமா? அந்த முடிவுக்கு நான் வரவில்லை. பிரேசிலில் சோப்ரால் என்று ஒரு நகரம், ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள், ஏழ்மையான வறண்ட பகுதி. 2000ஆம் ஆண்டுவாக்கில் பிள்ளைகளைச் சோதித்தபோது தொடக்க வகுப்புகளைக் கடந்தவர்களில் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை. நகராட்சி ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் ஆண்டுக்கு இருமுறை வெளியாட்களை வைத்துக் கேட்டது. முடிவு சில வாரங்களில் பள்ளிக்குத் திரும்பியது. தலைமையாசிரியர்களைச் சிபாரிசு இல்லாமல் தகுதியில் தேர்ந்தெடுத்தார்கள்; ஆசிரியருக்கு மாதந்தோறும் அந்த முடிவை ஒட்டிய பயிற்சி கிடைத்தது. 2017இல் நாட்டின் கல்வித் தரக் குறியீட்டில் சோப்ரால் முதலிடத்தில் நின்றது. இன்ஸ்பெக்டர் நம் ஓலைக்கூரைப் பள்ளியில் செய்ததும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்றே: வெளியாள் வந்து வாசிப்பைக் கேட்கிறார். கேட்டதற்குப் பின் நடந்தது வேறு.

தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. கொரோனாவுக்குப் பின் ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு, 2021 டிசம்பரில் கணக்கில் மிகப் பெரிய இழப்பையும் தமிழில் அதில் பாதி அளவு இழப்பையும் கண்டது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. பிள்ளையின் வீட்டுக்குப் பக்கத்தில், மாலையில், தெரிந்த அக்கா ஒருவர், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைக்குத் தெரிந்ததைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் அடுக்கடுக்கான தரவு எதுவும் இல்லை. நேரமும் அருகாமையும் இருந்தன.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்தப் பாதையில் வைத்த சரியான அடி. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. 2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை வந்த திறன் திட்டம், அடிப்படை எட்டாத பிள்ளைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் தனி நேரமும் தனிப் பயிற்சி நூலும் தந்தது. ஆறாம் வகுப்பில் குறை தெரிந்தும் பத்தாம் வகுப்புவரை மூடி வைத்த பழக்கத்துக்கு இது நேர் மாற்று. இவற்றோடு வந்த செயலிப் பதிவு வேலைதான் ஆசிரியர்களைக் கசக்கவைத்தது. சங்கங்கள் குறைக்கக் கேட்டது நியாயம். ஒரு ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும் பள்ளியில், சிக்னல் வராத கைபேசியில் முப்பது பிள்ளையின் விடையை ஏற்றுவதற்குப் போகும் நேரம் கற்பித்தலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

தரவு எந்த அளவுக்கு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஆறாம் வகுப்பில் 402 கழித்தல் 178 என்று கரும்பலகையில் எழுதுங்கள். விடை 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதுவாள். அவளுக்குக் கடன் வாங்கவே தெரியாது; ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணை எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருப்பவன் 324 என்று எழுதுவான். அவனுக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் பூச்சியம் நிற்கும்போது கடன் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது, அதனால் நூறாம் இடத்தைக் குறைக்காமலேயே விட்டுவிட்டான். மதிப்பெண் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் சுழியம். செயலியில் இரண்டு பேரும் கற்றல் விளைவை எட்டாதவர்கள். அவனுக்குப் பத்து நிமிடம் போதும், குச்சிக் கட்டுகளை வைத்து நூறைப் பிரித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வான். அவளுக்கு இரண்டு வாரம் வேண்டும், இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். இருவரையும் ஒரே சிறப்பு வகுப்பில் உட்கார்த்தி ஒரே பயிற்சியைக் கொடுத்தால் ஒருவருக்குச் சலிப்பும் மற்றவருக்கு அவமானமும்தான் மிஞ்சும். தவறான விடையைப் படிக்கத் தெரிந்த ஆசிரியருக்கு மாவட்ட அறிக்கை தேவையில்லை. முனைஞ்சிப்பட்டியில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனமும் குறுவள மையக் கூட்டங்களும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளைகளின் விடைத்தாள்களை மேசைமேல் பரப்பி இந்தப் படிப்பைச் சொல்லித்தருவதுதான்.

இந்த மாவட்டத்தில் நிலை பிரிக்கும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிச் சாதியைக் காட்டும் பிள்ளைகள் இருக்கும் ஊர்கள் இவை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்தவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள்; அதையடுத்து அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பின்தங்கிய குழு என்று பிரித்த பெஞ்சில் ஒரே தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், தரவு என்ற பெயரில் பழைய இழிவுக்கு அரசு முத்திரை குத்தியதாகிவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்துப் புதிதாகப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்க இடம் தர வேண்டும். வருகைப் பதிவையும் மதிப்பீட்டுத் தரவாகவே பார்க்க வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளை நான்கு நாள் காரணமின்றி வரவில்லை என்றால் எந்த மதிப்பெண்ணும் சொல்லாத செய்தி அதில் இருக்கலாம்.

செலவில்லாமல் உடனே செய்யக்கூடிய ஒன்று ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகும் இடத்தில் இருக்கிறது. பிள்ளை ஒரு நிர்வாகத்தின் தொடக்கப் பள்ளியிலிருந்து இன்னொரு நிர்வாகத்தின் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறது. அதோடு போவது மாற்றுச் சான்றிதழ். அங்க அடையாளம் இருக்கும், பிறந்த தேதி இருக்கும். இந்தப் பிள்ளைக்குக் கூட்டெழுத்து திணறும், வாய்க்கணக்கில் கெட்டி என்ற செய்தி இருக்காது. ஐந்து ஆண்டு அந்தப் பிள்ளையைப் பார்த்த டீச்சர் பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார். ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் அவரும் ஆறாம் வகுப்பு ஆசிரியரும் குறுவள மையத்தில் உட்கார்ந்து பெயர் பெயராகப் பேசிக்கொள்ள வட்டாரக் கல்வி அலுவலர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அரசு, உதவிபெறும், ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்ற வேலிகளைத் தாண்டி அழைக்க வேண்டும். அம்பாசமுத்திரம் போன்ற ஒரு வட்டாரத்தில் தொடங்கிப் பார்க்கலாம்.

இன்னொன்று சென்னையில் முடிவாக வேண்டியது. பத்தாம் வகுப்பு விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் வினாவாரியாக மதிப்பெண்ணை முகப்புத் தாளில் எழுதுகிறார். எந்த வினாவில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது மாநிலம் முழுவதற்கும் அந்தத் தாள்களில் இருக்கிறது. பள்ளிக்குத் திரும்பி வருவதோ பாடத்துக்கு ஒரு மொத்த எண். தேர்வுத் துறை அந்த வினாவாரி மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றி, பெயரில்லாமல், தரவரிசை இல்லாமல், ஜூன் பத்தாம் தேதிக்குள் ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் ஒரு பக்கத்தை அனுப்ப வேண்டும். வடிவியல் வினாவில் உங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் வரைபடத்தைச் சரியாகப் போட்டு விளக்கத்தில் விழுந்தார்கள் என்று அந்தப் பக்கம் சொன்னால், களக்காட்டுக்குப் பேருந்து ஏறிய தலைமையாசிரியர் தன் கணக்கு ஆசிரியரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேச ஒரு விஷயம் கிடைக்கும்.